கடைசி வரிக்குக் கீழே ஒரு கையெழுத்து

— அப்ப இந்தத் தடவையும் அதே எடத்துலதான் மாட்டிக்கிட்டு நிக்குதா மேடம்?

— அதே எடம்தான் அண்ணா. பதினோரு பக்க ஃபார்ம். பத்தரைப் பக்கம் நிரப்பியாச்சு. கடைசி அரைப் பக்கம் நம்ம துறைத்தலைவர் சாரோடது. ஒரே ஒரு கையெழுத்து. மூணு வாரமா அவர் ரூமுக்கும் இந்தப் பிளானிங் ரூமுக்கும் நடந்து செருப்புதான் தேஞ்சுது.

— கடைசித் தேதி என்னைக்கு?

— திங்கக்கிழமை. இன்னைக்கு வெள்ளி. சார் இன்னைக்கோட ரிட்டயர்.

— ஆமா, கீழ ஹால்ல நாற்காலி போட்டாச்சு. நாலு மணிக்கு டைரக்டர் வந்து பேசறாராம். என்னையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்காங்க. நான் மெஷினோட பேசறவன் மேடம். மனுஷங்க முன்னாடி நின்னா நாக்கு மேல ஒட்டிக்கும்.

— நான் வரல.

— என்ன மேடம் நீங்க? பன்னெண்டு வருஷம் அவர்கிட்ட வேலை பாத்துட்டு...

— பன்னெண்டு வருஷம் வேலை பாத்தவளுக்கு ஒரு கையெழுத்துப் போட மனசு வரல. கை தட்டறதுக்கு மட்டும் நான் வேணுமாக்கும்?

— சரி சரி. கோபத்தை ஓரமா வெச்சுட்டு இந்தத் தொண்டைப் புத்துக்காரர் பிளானைப் பாருங்க. திங்கக்கிழமை அவருக்கு ஆரம்பம். கட்டியைச் சுத்தி நீங்க போட்ட செவப்புக் கோட்டுக்குள்ள கதிர் முழுசா விழுது. தண்டுவடத்துக்குப் போறது நாப்பத்திரெண்டு கிரே கதிர்தான். எல்லை நாப்பத்தஞ்சு.

— எச்சில் சுரப்பி?

— இடது பக்கம் தப்பிச்சுது. வலது பக்கம் கட்டியோட ஒட்டிக்கிட்டு இருக்கு.

— இன்னும் கொஞ்சம் கொறைச்சுப் பாருங்கண்ணா. அவர் ஸ்கூல் வாத்தியாரு. வாய் காஞ்சு போனா எப்படிப் பாடம் எடுப்பாரு?

— இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கறேன். சுரப்பிப் பக்கம் இருக்கற பச்சைக் கோட்டை ரெண்டு மில்லிமீட்டர் உள்ள இழுத்துக் குடுங்க... ம், அவ்வளவுதான். இப்ப இது ஓடி முடிய இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் திட்டணும்னா என்னையே திட்டுங்க, பரவாயில்ல.

— உங்களைத் திட்டி என்ன பண்ணட்டும்?

— கேக்கறேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷமும் இதே கதைதானே?

— போன வருஷம் சீட்டு கைக்கே வந்துடுச்சு அண்ணா. இதே வெளிநாட்டு ஆஸ்பத்திரி. இதே ஒரு வருஷ ஃபெலோஷிப். கொழந்தைங்க மூளைக் கட்டிக்குக் கதிர் வைக்கறது, அது மட்டுமே வேலை. 'உங்க தலைவர் உங்களை அனுப்பச் சம்மதம்னு எழுதி வாங்கிட்டு வாங்க'ன்னாங்க. சார் 'பதறாதம்மா, பதறாதம்மா'ன்னே தேதியைத் தாண்ட வெச்சாரு. எடத்தை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க.

— அதுக்கு முந்தின வருஷம்?

— அது இங்கிலீஷ் பரீட்சை. எழுத்துல ஏழு வேணும், எனக்கு ஆறரை. பதினேழு வயசுலேருந்து அவங்க புஸ்தகத்தைத்தான் படிக்கறேன். என் கட்டுரையை அவங்க பத்திரிகையிலயே போட்டிருக்காங்க. ஆனா 'நகரத்துல மரம் வளக்கறது நல்லதா, கெட்டதா'ன்னு இருநூத்தம்பது வார்த்தை எழுதினதுல அரை மார்க் கொறைஞ்சு போச்சு.

— நீங்க என்ன எழுதினீங்க?

— நல்லதுன்னு.

— கெட்டதுன்னு எழுதியிருக்கணும். எல்லாரும் நல்லதுன்னே எழுதியிருப்பாங்க.

— சிரிக்காதீங்கண்ணா. மறுபடி எழுதி ஏழரை வாங்கினேன். அந்த மார்க் ரெண்டு வருஷம்தான் செல்லும். மருந்து பாட்டிலுக்குப் போடற மாதிரி என் இங்கிலீஷுக்கும் தேதி போட்டிருக்காங்க. அடுத்த மாசத்தோட காலாவதி.

— அப்ப ஊசிப் போறதுக்குள்ள போயிடணும்.

— அது மட்டுமா? நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த ஆஸ்பத்திரி முத்திரையோட கடுதாசி கேட்டாங்க. அந்த ஆஸ்பத்திரியை இடிச்சு பஸ் டிப்போ கட்டி எட்டு வருஷமாச்சு. எந்த கண்டக்டர்கிட்ட போய் முத்திரை கேக்கறது? யுனிவர்சிட்டியில ஆறு தடவை ஏறி எறங்கி, 'அப்படி ஒரு ஆஸ்பத்திரி இருந்தது உண்மைதான்'னு ஒரு சர்டிபிகேட் வாங்கி அனுப்பினேன்.

— அடக் கடவுளே!

— இன்டர்வியூல என்ன கேட்டாங்க தெரியுமா? 'இந்த முறையில நீங்க தனியா எத்தனை கொழந்தைக்கு வைத்தியம் பண்ணியிருக்கீங்க?' ஒண்ணும் இல்லன்னேன். 'அப்ப அனுபவம் இல்லையா?'ன்னாங்க. அனுபவம் இருந்தா நான் எதுக்குங்க உங்ககிட்ட வரேன்? நீச்சல் தெரிஞ்சாத்தான் கொளத்துல எறங்க விடுவோம்னா எந்தக் காலத்துல நீச்சல் கத்துக்கறது?

— அதையே சொன்னீங்களா?

— கிட்டத்தட்ட அதையேதான் சொன்னேன். போச்சுன்னு நெனச்சேன். கேள்வி கேட்ட அந்தம்மா சிரிச்சுட்டாங்க. அடுத்த வாரம் எடம் குடுத்து மெயில் வருது. வெளியில இருக்கறவங்க எல்லாரும் கதவைத் தெறந்துட்டாங்க அண்ணா. நம்ம வீட்டுக் கதவுதான் தெறக்க மாட்டேங்குது.

— அடுத்த வருஷம் பாத்துக்கக் கூடாதா?

— அடுத்த வருஷம்னு ஒண்ணு இல்ல. பட்டம் வாங்கிப் பத்து வருஷத்துக்குள்ள இருக்கறவங்களைத்தான் எடுப்பாங்க. சார்கிட்ட இருந்துக்கிட்டே மேல்பட்டம் வாங்கினேன், இதோட பத்து முடியுது.

— வீட்டுல என்ன சொல்றாங்க?

— அவர் ஒண்ணும் சொல்றதில்ல. அதுதான் எரியுது. மூணு வருஷமா பெட்டியைப் பரண்லேருந்து எறக்கறாரு, தூசி தட்டறாரு, திரும்ப மேல ஏத்தறாரு. பொண்ணு ரெண்டாங்கிளாஸ்ல இருந்தப்ப 'அம்மா ஒரு வருஷம் இருக்க மாட்டேன், அப்பாவைப் படுத்தாம இருக்கணும்'னு சொல்லி வெச்சேன். இப்ப அஞ்சாவது வந்துட்டா. 'எப்பம்மா போவே? எனக்கே சலிச்சுப் போச்சு'ங்கறா.

— மேடம், நான் ஒண்ணு சொல்லட்டா? எனக்கும் நீங்க போகணும். உங்களுக்காக இல்ல, இந்த மெஷினுக்காக. வந்து ஒன்றரை வருஷமாச்சு. நாம இன்னும் ஃபர்ஸ்ட் கியர்லயே ஓட்டிக்கிட்டிருக்கோம். வளைஞ்சு நெளிஞ்சு போற மெஷின் இது. ஆனா கொழந்தை தலையில எந்த எடத்தை விடலாம், எந்த எடத்தை விடவே கூடாதுன்னு கோடு போட்டுக் குடுக்க ஒரு டாக்டர் வேணும். நான் கோட்டுக்குள்ள கதிர் அனுப்பறவன்தானே. கோடு போடறது என் வேலை இல்ல.

— இதை அவர்கிட்ட சொல்லுங்களேன்.

— நான் சொன்னா, எனக்கு வெச்ச பட்டப்பேரைச் சொல்லி 'மில்லிமீட்டர், உன் வேலையைப் பாரு'ம்பாரு. நீங்க போங்க. ஹால் நெறையறதுக்கு முன்னாடி போங்க. இப்ப தனியா இருக்காரு, புஸ்தகம் அடுக்கிக்கிட்டு. கதவு தெறந்துதான் இருக்கு. நான் இந்த பிளான் முடிஞ்சதும் வரேன். ஃபார்மை எடுத்துக்கிட்டீங்களா?

— அது என் கையோட ஒட்டிக்கிட்டே பொறந்த மாதிரி ஆயிடுச்சு அண்ணா. வரேன்.

— உள்ள வரலாமா சார்?

— வாம்மா. பாத்து வா, அட்டைப்பெட்டி கெடக்கு. முப்பத்தொரு வருஷக் குப்பை. எதை எடுத்துட்டுப் போறது, எதை விட்டுட்டுப் போறதுன்னே தெரியல. உக்காரு.

— உக்காந்தா எந்திரிக்கறதுக்குள்ள நாலு மணி ஆயிடும் சார். நின்னுக்கறேன்.

— இந்தப் புஸ்தகமெல்லாம் நீயே வெச்சுக்க. புதுப் பதிப்பு. பிரிச்சது கூட இல்ல.

— நான் புஸ்தகம் கேக்க வரல சார். கையெழுத்து கேக்க வந்தேன்.

— அதாவதும்மா...

— இந்த 'அதாவது' வேணாம் சார். போன வருஷம் முழுக்க 'அதாவது' கேட்டாச்சு. போடுவீங்களா, மாட்டீங்களா? மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிடுங்க. மூணு வாரமா 'நாளைக்கு வா, நாளைக்கு வா'ன்னு அலைய விடறதை விட அது மேல்.

— மாட்டேன். கேட்டே, சொல்லிட்டேன்.

— ஏன்? நான் என்ன தப்பு பண்ணேன்?

— நீ ஒரு தப்பும் பண்ணல. எங்க, என் கையெழுத்து எடத்துக்கு மேல இருக்கற வரியைப் படி. தமிழ்லயே சொல்லு.

— எத்தனை தடவை சார் படிக்கறது? 'இவர் இல்லாத ஓராண்டுக் காலத்தில், இத்துறையின் நோயாளிகளுக்கான சிகிச்சை எவ்விதத்திலும் பாதிக்கப்படாது என்று உறுதியளிக்கிறேன்.' அதுக்குக் கீழ 'துறைத்தலைவர்'. எல்லா ஃபார்ம்லயும் இருக்கற வரிதானே? இதையெல்லாம் யாரு படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடறாங்க?

— நான் ஒரு தடவை படிக்காமப் போட்டேன்.

— எப்ப?

— நீ வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. உன்னை மாதிரியே ஒருத்தன் இருந்தான். கெட்டிக்காரன். இதே மாதிரி ஒரு வருஷம், வெளிநாடு. என்கிட்ட வந்து நின்னான். 'ஜமாய்டா'ன்னு சொல்லிப் போட்டுக் குடுத்தேன். அவன் போன நாலாவது மாசம் எனக்கு அப்பெண்டிக்ஸ் வெடிச்சுது. பத்தொம்பது நாள் படுக்கை. டாக்டர் இல்லாம மெஷினை ஓட்டக் கூடாது. பாதிக் கதிர் வாங்கினவங்க இருபத்தேழு பேர். தினமும் வந்து அந்த வராண்டா பெஞ்சுல உக்காந்துட்டு, சாயங்காலம் எந்திரிச்சுப் போவாங்க. பாதியில நிறுத்தினா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா?

— நின்ன நாள்ல கட்டி திரும்ப வளர ஆரம்பிச்சிடும்.

— அதுல ஒரு தையக்காரம்மா. கர்ப்பப்பை வாய்ப் புத்து. வெண்ணெய் மாதிரி கரைஞ்சுக்கிட்டு வந்த கட்டி. இன்னும் ரெண்டே வாரம்தான் பாக்கி. எட்டாவது மாசம் திரும்பி வந்துச்சு. 'நான் ஒரு நாள் கூடத் தவறாம வந்தேனே டாக்டர், மெஷின்தானே வரல'ன்னா. என்ன பதில் சொல்லுவே? அன்னைக்குத்தான் நான் போட்ட கையெழுத்துக்கு மேல இருந்த வரியை மொதமொதல்ல படிச்சேன்.

— அவர் திரும்பி வந்தாரா?

— வருஷா வருஷம் புது வருஷத்துக்கு வாழ்த்து மெயில் வருது.

— நான் அவர் இல்ல சார். என் வீடு இங்க, என் பொண்ணு இங்க. நான் வந்துடுவேன்.

— தெரியும். நீ வந்துடுவே. வர்ற வரைக்கும்?

— உங்க தையக்காரம்மாவுக்கு நீங்க பதில் தேடறீங்க. நான் ஒருத்திக்குப் பதில் தேடறேன், அதையும் கேளுங்க. ஆறு வருஷம் முன்னாடி ஒரு நாலு வயசுப் பொண்ணு. பின்மண்டையில கட்டி. ஞாபகம் இருக்கா? தலைக்கும் முதுகுக்கும் கதிர் வெச்சோம்.

— இருக்கு. மஞ்சள் பொம்மை ஒண்ணைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே மெஷின்ல படுக்கும்.

— போன வாரம் செக்கப்புக்கு வந்தா. பத்து வயசு. ஆறு வயசுக் கொழந்தை உயரம்தான் இருக்கா. ரெண்டாங்கிளாஸ்லயே மூணாவது வருஷம். வலது காது சுத்தமாக் கேக்கல. நான் பேசப் பேச என் உதட்டையே பாத்துக்கிட்டிருந்தா. அவங்கப்பா 'நீங்க எங்க கொழந்தையைத் திருப்பிக் குடுத்தீங்க டாக்டர்'னு நன்றி சொல்லிட்டுப் போறாரு. எனக்கு நிமிந்து பாக்க முடியல சார். நாம உயிரைத் திருப்பிக் குடுத்தோம். கொழந்தையைக் குடுக்கல.

— அன்னைக்கு இருந்த பழைய மெஷினுக்கு அவ்வளவுதான் முடியும்.

— இன்னைக்கு இருக்கற மெஷினுக்கு முடியுமே! காதை ஒதுக்கி, மூளையில ஞாபகம் இருக்கற எடத்தை ஒதுக்கி, கட்டிக்கு மட்டும் குடுக்கலாமே! மெஷின் பக்கத்து ரூம்ல நிக்குது. எங்க ஒதுக்கணும்னு எனக்குத் தெரியல. தப்பா ஒதுக்கினா கட்டி தப்பிச்சு உயிரே போயிடும். புஸ்தகத்தைப் பாத்துப் பண்ற வேலையா இது? கூட நின்னு, நூறு கொழந்தையைப் பாத்து, கை பழகணும். அங்க வருஷத்துக்கு நூத்தம்பது கொழந்தைங்க வராங்க. அதுக்குத்தான் போறேன். ஊர் சுத்திப் பாக்கவா போறேன்?

— கத்தாதம்மா. கீழ ஆளுங்க வந்திருக்காங்க.

— வரட்டும். எல்லாரும் கேக்கட்டும்.

— சரி, இந்தக் கவரைப் பிரி. மத்தியானம் டைரக்டர் அனுப்பினது. உனக்குத்தான்.

— என்னது இது?

— நீயே படி.

— 'திங்கட்கிழமை முற்பகல் முதல்... துறைத்தலைவர் பொறுப்பை...' சார், இதுல என் பேர் இருக்கு.

— வேற யார் பேர் இருக்கும்? விளம்பரம் ரெண்டு தடவை குடுத்தாச்சு. ஒருத்தரும் வரல. நான் போனா நீதான்.

— நீங்க சொல்லித்தான் போட்டிருக்காங்க.

— ஆமா.

— கட்டிப் போட்டுட்டீங்களே சார்.

— அவுத்து விட்டிருக்கேன். திங்கக்கிழமையிலேருந்து அந்த வரிக்குக் கீழ போட வேண்டியது உன் கையெழுத்து. நான் முடியாதுன்னதை நீயே போட்டு அனுப்பலாம். யாரும் தடுக்க மாட்டாங்க.

— நான் இல்லாத காலத்துல நோயாளிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நானே எனக்கு எழுதிக் குடுக்கணுமா? இங்க ஒரு டாக்டர் கூட இருக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே? நல்லா இருக்கு சார். ரொம்ப நல்லா இருக்கு. உங்க கழுத்துல இருந்த கல்லைக் கழட்டி என் கழுத்துல மாட்டிட்டு, 'போ, நீந்து'ங்கறீங்க. நாப்பத்தோரு பேர் இருக்காங்க லிஸ்ட்ல. அவங்களை விட்டுட்டுப் போற ஆளு நான் இல்லன்னு தெரிஞ்சுதானே இதைப் பண்ணீங்க?

— நான் அந்த மாதிரி நெனச்சுப் பண்ணல.

— வேற எந்த மாதிரி?

— வரலாமா? மன்னிச்சுக்கங்க சார். டைரக்டர் வந்துட்டாரு. மாலை... பூங்கொத்து எல்லாம் வந்தாச்சு. மேடம், தொண்டைக்காரர் பிளான் முடிஞ்சுது. எச்சில் சுரப்பியில இன்னும் ஆறு கிரே கொறைஞ்சுது. வாத்தியார் பாடம் எடுப்பாரு.

— யாரு, மில்லிமீட்டரா? வா.

— என்ன, ரெண்டு பேர் மொகமும் இப்படி இருக்கு? கையெழுத்து ஆகலையா?

— ஆகலண்ணா. அதுக்குப் பதிலாப் பதவி குடுத்திருக்காரு. திங்கக்கிழமையிலேருந்து நான்தான் துறைத்தலைவராம்.

— அட! வாழ்த்துகள் மேடம்... இல்ல, வாழ்த்தக் கூடாதா?

— இருங்க. இது ரெண்டு பக்கம் இருக்கு. பின்னாடி என்னமோ அதிகாரம், அதிகாரம்னு பட்டியல் போட்டிருக்கு. விடுப்பு அனுமதிக்கறது... மருந்து இருப்பு... உபகரணம்... அண்ணா, இந்த ஏழாவதைப் பாருங்க.

— கண்ணாடியைப் போட்டுக்கறேன். 'நோயாளர் நலன் கருதி, ஓய்வுபெற்ற மருத்துவரை ஓராண்டுக்கு மிகாமல் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தத் துறைத்தலைவர் பரிந்துரைக்கலாம்.' ஆமா, இருக்கு. அதுக்கென்ன மேடம்?

— ஓய்வுபெற்ற மருத்துவர்.

— ஆமா.

— ஓராண்டு.

— ஆமா... அடேயப்பா! மேடம்!

— என்னம்மா படிக்கறீங்க ரெண்டு பேரும்?

— சார், திங்கக்கிழமை காலையில நான் துறைத்தலைவர். என்னோட மொத பரிந்துரை நீங்க. ஒரு வருஷம். டைரக்டர் கீழதான் இருக்காரு, இப்பவே போய்ச் சொல்லிடறேன். அவரும் ஆள் கெடைக்காமத்தான் முழிக்கறாரு, மறுக்க மாட்டாரு. நீங்க இருந்தா அந்த வரி பொய் இல்ல. நான் நிம்மதியா என் கையெழுத்தைப் போட்டுட்டுப் போவேன். ஒரு வருஷம் முடிஞ்ச மறுநாள் இந்த ரூம்ல வந்து நிப்பேன்.

— வேணாம்மா.

— ஏன் வேணாம்? மூணு வாரமா என் மண்டையில இது உதிக்கலையேன்னு இருக்கு! நோயாளிக்கு ஆள் வேணும்னுதானே மாட்டேன்னீங்க? ஆள் இருக்காரே, கண்ணு முன்னாடி!

— சார், மேடம் சொல்றது மில்லிமீட்டர் சுத்தமா இருக்கு. நான் வேணா டைரக்டரை மேலயே கூட்டிட்டு வந்துடட்டா?

— ரெண்டு பேரும் பேசாம இருங்க. எனக்கு முடியாது. அறுபது வயசாச்சு. போதும்.

— நேத்துக் கூட சாயங்காலம் ஆறரை வரைக்கும் ஓ.பி. பாத்தீங்க. முடியாதுன்னா எப்படி?

— சொன்னா கேளும்மா.

— சரி, ஓ.பி. வேணாம். வார்டு வேணாம். அதுக்கு வேற டிபார்ட்மெண்ட் டாக்டர்ங்களைக் கேட்டு ஏற்பாடு பண்றேன். நீங்க காலையில ரெண்டு மணி நேரம் வாங்க, பிளானிங் ரூம்ல உக்காந்து கோடு மட்டும் போட்டுக் குடுங்க. அது ஒண்ணு போதும்.

— அது ஒண்ணுதான்மா முடியாது.

— இப்பப் புரியுது.

— என்ன புரியுது?

— வாயைத் தெறந்து சொல்ல வெக்காதீங்க சார்.

— மில்லிமீட்டர், நீ கீழ போ. அஞ்சு நிமிஷத்துல வரேன்னு சொல்லு. கதவைச் சாத்திட்டுப் போ.

— சரி சார். மேடம், கொஞ்சம் பொறுமையா...

— போங்கண்ணா. நான் பாத்துக்கறேன்.

— ம். இப்பச் சொல்லு. என்ன புரிஞ்சுது உனக்கு?

— நோயாளியும் இல்ல, தையக்காரம்மாவும் இல்ல. நான் போறது உங்களுக்குப் புடிக்கல. அவ்வளவுதான். நீங்க முப்பத்தொரு வருஷம் இந்த நாலு செவுத்துக்குள்ளயே இருந்துட்டீங்க. உங்களுக்குக் கெடைக்காதது எனக்குக் கெடைக்கக் கூடாது. இல்லன்னா என்ன காரணம் இருக்கு? வழி சொன்னேன், வேணாங்கறீங்க. ரெண்டு மணி நேரம் கேட்டேன், மாட்டேங்கறீங்க. வீட்டுல போய் என்ன பண்ணப் போறீங்க?

— கோபத்துல பேசறே. பேசு.

— பேசத்தான் போறேன். உங்களை என் அப்பா எடத்துல வெச்சிருந்தேன். மொத வருஷம் நான் போட்ட கோட்டையெல்லாம் அழிச்சு அழிச்சு நீங்க திரும்பப் போடுவீங்க. நான் டாய்லெட்ல போய் அழுதுட்டு வருவேன். அப்பறம் பாதி மாத்துவீங்க, அப்பறம் கால்வாசி. போன வருஷத்துலேருந்து ஒரு புள்ளி கூட மாத்தல. நேராக் கையெழுத்துதான். அன்னைக்கு வீட்டுக்குப் போய் அவர்கிட்ட சொன்னேன், 'சார் என்னை முழுசா நம்பிட்டாரு'ன்னு. எனக்கு எல்லா பரீட்சையையும் விட அதுதான் பெரிசா இருந்துச்சு. ஒரு கோடு கூட மாத்த வேண்டியதில்லைங்கற அளவுக்கு எனக்குத் தெறமை இருக்குன்னு தெரிஞ்சும், என்னை அனுப்ப உங்களுக்கு மனசு வரலையே சார்?

— உக்காரும்மா.

— வேணாம்.

— உக்காரு. இந்த ஒரு தடவை சொல்றதைக் கேளு. நீ மொத தடவை அந்த ஃபார்மைக் கொண்டு வந்து குடுத்தியே, அதுக்கு ஒரு மாசம் முந்தி ஆரம்பிச்சுது. ரெண்டு கண்ணுலயும். சுத்தி இருக்கறதெல்லாம் தெரியும். நடப்பேன், ஆள் வந்தா தெரியும், குரலை வெச்சு யாருன்னு கண்டுபுடிச்சுடுவேன். நேரா எதைப் பாத்தாலும் நடுவுல ஒரு கரும்புள்ளி. ஊசி போட்டுப் பாத்தாச்சு, கேக்கல. வீட்டுல அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

— சார்...

— உன்னை அனுப்பிட்டா இங்க கோடு போட ஆளே இல்ல. நான் இருக்கேன்னு எப்படி எழுதிக் குடுப்பேன்? சொல்லிடலாம்னு தினமும் நெனப்பேன். சொன்னா அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, நீ தனியா மாட்டிக்குவே, ரிட்டயர் ஆற வரைக்கும் ஓட்டிடலாம்னு பாத்தேன்.

— அப்ப... ஒரு வருஷமா நீங்க பாத்து ஓகே பண்ண பிளான் எல்லாம்?

— அந்த ஒரு வரிக்குக் கீழ பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்னு உன்கிட்ட ரோஷமா நின்னேன் பாரு... ஒரு வருஷமா நீ போட்ட எந்தக் கோட்டையும் நான் பாக்கலம்மா, 'பார்த்து ஒப்புதல் அளித்தேன்'னு ஒவ்வொண்ணுக்குக் கீழயும் கையெழுத்துப் போட்டிருக்கேன்.